ஏரித் தண்ணீருக்கு மாத்திரை: 5 நிமிடம் போதாது

"ஏற்காடு மாதிரி குளிர்ந்த மலையில் ஏரித் தண்ணீர் சுத்தமாத்தான் இருக்கும், கூடாரம் போடுறவங்க குளோரின் மாத்திரை போட்டு 5 நிமிடத்தில் குடிக்கலாம்" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

குளிரில் குளோரின் மெதுவாகத்தான் வேலை செய்யும். குறைந்தது 30 நிமிடம். தண்ணீர் சில்லென்று இருந்தால் அதற்கும் மேல். கலங்கலாக இருந்தால் மருந்தைச் சேறே தின்றுவிடும், அதனால் நாலாக மடித்த பருத்தித் துணியில் முதலில் வடிகட்டுங்கள். பாட்டில் மூடியைச் சற்றுத் தளர்த்திக் கவிழ்த்து, மரையிலும் மருந்துத் தண்ணீர் ஓடவிடுங்கள். வாய் படுவது அங்கேதான்.

கிரிப்டோஸ்போரிடியம் கிருமியோ இந்த மாத்திரைக்கெல்லாம் சாகாது. அடுப்பு இருந்தால் கொதிக்கவைப்பதே மேல். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அந்தச் சூடே போதும்: தளதளவென்று 1 நிமிடம்.