காலணிதான் காரணமா?
2024 சிகாகோ மாரத்தானில் கென்ய வீராங்கனை ரூத் செப்ன்கெடிச் 2:09:56-ல் ஓடிப் பெண்கள் உலக சாதனை படைத்ததற்கு, அடிப்பகுதியில் கார்பன் தகடு வைத்த காலணிதான் முக்கியக் காரணம் என்கிறது இந்தக் கட்டுரை. அந்தக் காலணி அவர் காலில் மட்டுமா இருந்தது? 2023 பெர்லினில் 2:11:53 ஓடி முந்தைய சாதனையைப் படைத்த டிகிஸ்ட் அசெஃபாவும் கார்பன் வைத்த காலணியில்தான் ஓடினார். சிகாகோவிலேயே இரண்டாவதாக வந்த சுடுமே கெபெடே எடுத்தது 2:17:32. ஏழு நிமிடத்துக்கு மேல் இடைவெளி! செப்ன்கெடிச்சுக்கு முதல் 5 கி.மீ. 15 நிமிடம், பாதித் தூரம் 64:16. அதைப் பார்த்தபோதே, இந்த வேகத்தில் போனால் 35-வது கிலோமீட்டரில் படுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். படுக்கவில்லை. பிறகு அவர் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற மருந்துக்காக ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதைப் பற்றி, மேலே பின்னூட்டத்தில் ஒருவர் "பாவம், வெறும் பிபி மாத்திரைதானே" என்று எழுதியிருக்கிறார். என் அம்மாவின் மாத்திரை அட்டையிலும் அது இருக்கிறது, 12.5 மி.கி. சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் மருந்து. வேறு மருந்தின் தடயத்தை நீர்க்கச் செய்துவிடும் என்பதால்தான் விளையாட்டு வீரர்களுக்கான தடைப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். கலப்படத்தால் வந்திருக்கலாம் என்று விட்டுக்கொடுக்கும் அளவு ஒரு மில்லிலிட்டர் சிறுநீருக்கு 20 நானோகிராம். 2025 மார்ச் 14-ல் எடுத்த செப்ன்கெடிச்சின் மாதிரியில் இருந்தது 3,800. வீட்டுப் பணிப்பெண்ணின் மாத்திரையை விழுங்கிவிட்டேன் என்ற விளக்கம் பிறகுதான் வந்தது. மூன்றாண்டுத் தடையும் விதித்தாயிற்று. ஆனாலும் அந்த மாதிரி சிகாகோவுக்கு ஐந்து மாதம் கழித்து எடுத்தது என்பதால் சாதனை அப்படியே நிற்கிறது. விதிப்படி அது சரிதான், மறுக்கவில்லை. அதற்காகக் காலணிக் கதையை நம்பச் சொல்லாதீர்கள். இன்னொரு கென்ய வீராங்கனை ரீட்டா ஜெப்டூவும் 2014-ல் இ.பி.ஓ.வில் (இரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டும் ஊக்கமருந்து) சிக்கும்வரை பாஸ்டன், சிகாகோ என்று வென்றுகொண்டுதான் இருந்தார்.