வெடிக்காமலே சரியும் எரிமலை
'வெடிக்காத வரை அடிவாரத்துக்கு ஆபத்தில்லை' என்று எரிமலைகளைப் பற்றிய ஒரு கட்டுரையில் இருப்பதை ஏற்க முடியாது. அடுக்கு எரிமலை என்பது இறுகிய குழம்புப் பாறையும் சாம்பலும் மாறி மாறிப் படிந்த செங்குத்தான கூம்பு. தூங்கினாலும் உள்ளே சூடு இருக்கும். கந்தக வாயு கலந்த அமில வெந்நீர் விரிசல்களில் ஏறி, பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களிமண்ணாக்கிவிடும். வெளியே மஞ்சளும் வெள்ளையுமாகத் திட்டுகள் தெரியும், விரலால் அழுத்தினாலே உதிரும். அதில் மழைநீர் இறங்கினால் போதும், வெடிப்பே வேண்டாம். நிகராகுவாவின் கசிட்டா எரிமலையில் 1998 அக்டோபர் 30 அன்று நடந்தது இதுதான்: மிட்ச் சூறாவளி கொட்டிய மழையில் உச்சிக்கருகே ஒரு துண்டு சரிந்தது. வழியிலிருந்த மண்ணையும் நீரையும் வாரிச் சேர்த்துப் பல மடங்கு பெருத்து, சேற்று வெள்ளமாகி இரண்டு ஊர்களை அழித்தது. 2,000 பேருக்கு மேல் பலி. நிலநடுக்கமானி மட்டும் வைத்தால் இதைப் பிடிக்க முடியாது. மழையளவையும் கவனிக்க வேண்டும், பழைய சேற்றுப்படிவு கிடக்கும் பள்ளத்தாக்குகளை வரைபடத்தில் குறித்து, அங்கே வீடு கட்டவிடாமல் தடுக்க வேண்டும்.