அந்தப் பிள்ளையின் அப்பாவிடம் யாராவது கேட்டார்களா?

இரண்டு நாட்களாகப் பேசாமல்தான் இருந்தேன். அந்தக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காலை வணக்கக் கூட்டம் முடிந்து பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குப் போகிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மட்டும் கொடிக்கம்பத்தின் பக்கத்தில் நிற்கிறது, இரண்டு கைகளையும் பாவாடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு. பிரார்த்தனையின்போது கை கூப்பவில்லை என்பதுதான் அது செய்த குற்றம். காணொளியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அதன் கீழே, பள்ளி செய்தது சரிதான் என்று என் நண்பர்கள் எழுதியதைப் படித்த பிறகு முடியவில்லை.

அது எந்த மதத்தார் நடத்தும் பள்ளி, பிள்ளை எந்த மதம் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் பாதிப் பேர் அந்த வரியிலேயே கட்சி கட்டிக்கொள்வீர்கள். மதத்தின் பெயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் இதையே எழுதுவீர்களா?

என் கேள்வி ஒன்றுதான். அந்தப் பிள்ளையின் பெற்றோரிடம் சம்மதம் கேட்டார்களா?

இது நானாகக் கண்டுபிடித்த கேள்வி அல்ல. அரசியலமைப்புச் சட்டத்தின் 28-வது பிரிவு கேட்கிற கேள்வி. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் மற்றப் பள்ளிகளில் மதபோதனையும் வழிபாடும் நடக்கலாம். ஆனால் அதில் கலந்துகொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. படிப்பவர் சம்மதம் தந்திருக்க வேண்டும். அவர் மைனர் என்றால் காப்பாளர் தந்திருக்க வேண்டும். தந்திருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லையே என்று பள்ளி சொல்லித் தப்பிக்க முடியாது.

அமெரிக்காவில் மதத்துக்கும் அரசுக்கும் இடையே சுவர் இருப்பதாகச் சொல்வார்கள். நம்மவர்கள் அப்படிச் சுவர் எழுப்பவில்லை. மதத்தார் பள்ளி நடத்தலாம், அரசிடம் பணம் வாங்கலாம், வழிபாடும் வைத்துக்கொள்ளலாம் என்று தாராளமாகவே இடம் தந்தார்கள். பதிலுக்கு வைத்த வேலி இந்தச் சம்மதம் ஒன்றுதான். அதையும் பிடுங்கிப் போட்டுவிட்டு இந்தப் பள்ளி நிர்வாகத்தார் 'ஒழுங்கு நடவடிக்கை' என்று அறிக்கை விடுகிறார்கள்.

'சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்களே' என்கிறார் ஒருவர். என் மகனைப் பள்ளியில் சேர்த்தபோது நானும் அப்படி ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்தேன். இரத்த வகை கேட்டார்கள். பஸ்ஸில் வருவானா, நடந்து வருவானா என்று கேட்டார்கள். தடுப்பூசி விவரம் கேட்டார்கள். வழிபாட்டில் கலந்துகொள்ளச் சம்மதமா என்று ஒரு கட்டம்கூட இல்லை. கடைசியில் பொடி எழுத்தில், பள்ளி விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன் என்று ஒரே ஒரு வரி. அதுவா சம்மதம்?

'பிடிக்காவிட்டால் வேறு பள்ளிக்குப் போகட்டும்' என்பவருக்குப் பதில் சொல்லவே மனம் வரவில்லை. அது அரசு உதவி பெறும் பள்ளி. அங்கே ஆசிரியருக்குப் போகும் சம்பளத்தில் அந்த அப்பா கட்டும் வரியும் இருக்கிறது. நிர்வாகத்துக்கு உரிமை இல்லையா என்றால், இருக்கிறது. பிரார்த்தனையை நிறுத்தச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? நம்பிக்கை இல்லாதவள் என்று என்னைத் திட்டுகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், நான் தினமும் பிரார்த்தனை செய்கிறவள். அதனால்தான் வலிக்கிறது.

எல்லாவற்றிலும் அதிகம் வலித்தது என் சித்தப்பா எழுதியதுதான். 'கை கூப்பினால் என்னம்மா குறைந்துவிடும்?'

சித்தப்பா, 1985-இல் கேரளத்தில் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர். தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள். தங்கள் மத நம்பிக்கையால் பாட மட்டும் மாட்டார்கள். அதில் பள்ளிக்கு எந்தச் சங்கடமும் இருந்ததில்லை. சட்டமன்றத்தில் பேச்சு எழுந்த பிறகுதான் அவர்களை வெளியே அனுப்பினார்கள். உயர் நீதிமன்றமும் கைவிட்டது. 1986-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு, அவர்களைத் திரும்பப் பள்ளியில் சேர்க்க உத்தரவிட்டது. எழுந்து நின்றதே மரியாதை, வாய் திறந்து பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்த எந்தச் சட்டமும் இல்லை என்றது. அமெரிக்காவிலும் 1943-இல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, கொடிக்கு வணக்கம் செலுத்தச் சொல்லிப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்று ஆண்டுகளுக்கு முன் தானே எழுதிய தீர்ப்பைத் திருத்திக்கொண்டு சொன்னது. நாட்டின் கீதத்துக்கும் கொடிக்குமே இதுதான் நிலைமை. உங்கள் பிரார்த்தனைக்கு எங்கிருந்து வந்தது அதிக அதிகாரம்?

என்ன குறைந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் நான்தான் வகுப்புத் தலைவி. பிரார்த்தனையில் ஒழுங்காக நிற்காதவர்களின் பெயரை எழுதித் தருவது என் வேலை. என் பக்கத்தில் நிற்கும் தோழி வேறு மதம். தலை குனிந்து அமைதியாக நிற்பாள், கை மட்டும் சேராது. மூன்று நாள் தொடர்ந்து அவள் பெயரை எழுதினேன். நான்காம் நாள் ஆசிரியை வந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்து ஒன்றோடொன்று அழுத்தி வைத்தார். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. ஆசிரியை அந்தப் பக்கம் திரும்பியதும் விரல்கள் தாமாகப் பிரிந்து தொங்கின. அந்த விரல்கள் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன.

மறுநாள் அவள் அப்பாவை வரச் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் அலுவலக வராந்தாவில் நின்றார். கிரீஸ் படிந்த சட்டையோடு வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவர் சண்டை போடுவார் என்று நினைத்துக் கதவோரம் ஒளிந்து நின்று பார்த்தேன். தலைமை ஆசிரியை வெளியே வந்ததும், இனிமேல் இப்படி நடக்காது, பிள்ளையை மட்டும் வெளியே அனுப்பிவிடாதீர்கள் என்று அவர் கை கூப்பினார். சட்டப்படி அன்று அவரிடம் அல்லவா பள்ளி சம்மதம் கேட்டிருக்க வேண்டும்? அந்தத் தோழி பிறகு என்னோடு பேசவே இல்லை. மன்னிப்புக் கேட்க அவளை எங்கே தேடுவது என்றும் எனக்குத் தெரியாது.

இந்தப் பிள்ளையின் அப்பாவையும் திங்கட்கிழமை வந்து விளக்கம் தரச் சொல்லியிருக்கிறார்களாம். என்னோடு படித்த இரண்டு பேர் அதே பள்ளியில் வேலை பார்க்கிறீர்கள், இந்தப் பதிவையும் படிப்பீர்கள். விளக்கம் தர வேண்டியது நீங்கள். அவர் வந்ததும் முதலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரச் சொல்லுங்கள்.