ரூமில் எத்தனை டிகிரி என்று யாரும் பார்ப்பதில்லை

கம்ப்யூட்டரில் விளையாட்டுப் படங்களை வரையும் கிராஃபிக்ஸ் கார்டு 84 டிகிரி காட்டுகிறது, எரிந்துவிடுமா என்று ஸ்க்ரீன்ஷாட் அனுப்பும் தம்பிகளிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ரூமில் எத்தனை டிகிரி? பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேர் "அதுக்கும் இதுக்கும் என்னண்ணா சம்பந்தம்?" என்பார்கள்.

சம்பந்தம் இருக்கிறது. கார்டின் மேல் இருக்கும் ஹீட்சிங்க் என்ற உலோகத் தகடுகளும் ஃபேனும் சிப்பின் சூட்டை எடுத்து ரூம் காற்றில் விடுகின்றன, அவ்வளவுதான் அவற்றின் வேலை. காற்று எவ்வளவு சூடோ அதற்குக் கீழே கார்டு ஒருநாளும் இறங்காது. இத்தனை வாட் எரித்தால், இந்த வேகத்தில் ஃபேன் சுற்றினால், ரூமைவிட இத்தனை டிகிரி கூடுதல் என்பதுதான் கூலரின் கணக்கு. அதை 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். யூடியூப்காரர் 22 டிகிரி ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு "67தான் வருது, செம கூலர்" என்பார். அதே கார்டு, அதே ஃபேன் வேகம், திருத்தணிக்குப் பக்கத்தில் எங்கள் நகரி ஊரில் மே மாதம் 39 டிகிரி ரூமில் 84 காட்டும். கார்டும் கூலரும் இரண்டு இடத்திலும் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கின்றன.

எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: கோடையில் தமிழ்நாட்டில் அதிக வெப்பம் பதிவான ஊர்ப் பட்டியலைப் பார்த்தால் திருத்தணி அடிக்கடி இருக்கும். 1960-ல் எல்லை பிரித்தபோது திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, நகரி ஆந்திராவில் நின்றது. வெயிலை யாரும் பிரிக்கவில்லை. தமிழ்க் காலண்டரில் கத்திரி முடிந்தாலும் எங்கள் தெருவில் தெலுங்கு வீட்டுப் பாட்டிகள் விடமாட்டார்கள், ரோகிணி கார்த்தி, அதாவது தெலுங்குக் காலண்டரின் உச்ச வெயில் நாட்கள், பாக்கி இருக்கிறது என்பார்கள். அந்த நாளில் கல்லுரலே வெடிக்கும் என்று அவர்களிடம் ஒரு சொலவடை உண்டு. உரலுக்கே அந்தக் கதி என்றால் தைவானில் டிசைன் செய்த கூலர் என்ன செய்யும், பாவம்.

இதில் பையன்கள் கம்ப்யூட்டர் வைப்பது பெரும்பாலும் மொட்டை மாடி ரூமில். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் ராத்திரி ஏழு, எட்டு மணிக்குத்தான் வாங்கிய சூட்டை உள்ளே இறக்கும். சரியாக அந்த நேரத்தில்தான் கதவைச் சாத்திக்கொண்டு விளையாட உட்காருவார்கள். நிவிடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு மட்டும் 170 வாட். பிராசஸர், மானிட்டர் எல்லாம் சேர்த்து 300 வாட் பக்கம் வந்துவிடும். அவ்வளவும் கடைசியில் அந்த ரூமுக்குள் சூடாகத்தான் நிற்கும். ஜன்னலைத் திறந்து ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டாலே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் ஜன்னல் திறக்கச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை, ஆர்ஜிபி லைட் வைத்த ஃபேன் வாங்கச் சொன்னால்தான் பிடிக்கிறது.

சரி, 84 ஆபத்தா? இல்லை. 3060-க்கு நிவிடியா சொல்லும் உச்ச வரம்பு 93 டிகிரி. அந்தக் கம்பெனியின் பல கார்டுகள் 83 வாக்கிலேயே தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ள ஆரம்பித்துவிடும். ஏஎம்டி கார்டுகளில் சிப்பின் அதிகச் சூடான புள்ளி, அதாவது ஹாட்ஸ்பாட், 110 வரை போவது எதிர்பார்த்ததுதான் என்று அந்தக் கம்பெனியே சொல்லியிருக்கிறது. அதனால் கார்டு எரியாது, எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை படம் (ஃபிரேம்) என்பதுதான் குறையும். நான் கவலைப்படுவது வேறு எண்ணுக்கு. வெப்பநிலை காட்டும் ஜிபியு-இசட் அல்லது எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து சாதாரண வெப்பநிலைக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 10, 15 இருந்தால் இயல்பு. 25, 30 என்று விரிந்தால் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், அல்லது ஹீட்சிங்க் சிப்பில் சரியாக உட்காராமல் இருக்கலாம். ரூம் எவ்வளவு சூடாக இருந்தாலும் இந்த இடைவெளி பெரிதாக மாறாது என்பதால் வெயிலின் தொல்லையையும் கார்டின் தொல்லையையும் பிரித்துப் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது எங்கள் ஊரின் ஸ்பெஷல். பஞ்சு.

நகரி, பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை என்று இந்தப் பக்கம் முழுக்க விசைத்தறி. தறிக்கொட்டகை வீட்டோடு ஒட்டியிருக்கும், அல்லது பக்கத்து வீட்டில் இருக்கும். பாவு நூலில் போட்ட கஞ்சி உதிர்ந்து வரும் தூளும் பஞ்சும் சேர்ந்து காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். ஊர்த்தூசி மாதிரி இது உதறினால் போகாது, ஒட்டிக்கொள்ளும். தறி வைத்திருக்கும் என் மாமா ஒரு தடவை சொன்னார்: "ஏண்டா, மனுஷனே தும்முறான், உன் பொட்டி மட்டும் தும்மாம இருக்குமா?"

போன கோடையில் மாமா பையனின் கார்டைக் கழற்றினோம். வெளியிலிருந்து பார்த்தால் ஃபேன் இறக்கை சுத்தமாக இருந்தது, டார்ச் அடித்தும் ஒன்றும் தெரியவில்லை. ஃபேன் இருக்கும் பிளாஸ்டிக் மூடியை எடுத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஃபேனுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவில் கம்பளி மாதிரி ஒரு படலம். ட்வீசரால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுசாக ஒரே துண்டாக உரிந்து வந்தது. அதில் வரிவரியாக நிறம்: கீழே மெரூன், நடுவில் பச்சை, மேலே நீலம். எந்த மாதம் எந்த நூல் தறியில் ஓடியது என்று மாமா அதைப் பார்த்தே சொல்லிவிட்டார். அதை எடுத்துவிட்டு மாட்டியதும் ஃபேன் சத்தம் பாதியானது, வெப்பநிலையும் நன்றாக இறங்கியது. பேஸ்ட்டைத் தொடவே இல்லை. சில கார்டுகளில் ஹீட்சிங்கைக் கழற்றாமலேயே ஃபேன் மூடியை மட்டும் எடுக்கலாம், உங்கள் மாடலில் முடியுமா என்று முதலில் பாருங்கள். வாரன்டி இருந்தால் விதியையும் படித்துவிடுங்கள். ஃபேன் ஒயரின் கனெக்டர் குட்டியாக இருக்கும், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

பஞ்சு ஊதத் தறிக்கொட்டகையில் வைத்திருக்கும் கம்ப்ரசரை மட்டும் கொண்டுவர வேண்டாம். அதில் தண்ணீர்த் துளியும் எண்ணெயும் சேர்ந்து வரும், அழுத்தமும் தாறுமாறு. பஞ்சர் கடைக் காற்றும் அப்படித்தான். கையில் பிடிக்கும் சின்ன ப்ளோயர் போதும். ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது தாங்கும் வேகத்துக்கு மேல் சுற்றி பேரிங் போய்விடும். அப்புறம், காற்று உள்ளே வரும் பக்கத்தில் பழைய புடவைத் துணியை இழுத்துக் கட்டுகிற வழக்கம் ஒன்று இங்கே பரவியிருக்கிறது. அது பஞ்சையும் நிறுத்தும், காற்றையும் நிறுத்தும். நைலான் வலை போடுங்கள், போட்டால் வாராவாரம் கழுவுங்கள்.

இதையெல்லாம் செய்தும் சூடு குறையவில்லை என்றால் கடைக்குப் போவீர்கள். அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பக்கத்து டவுன் கடை ஒன்றில் கார்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "கார்டு போயிந்தி அன்னா" என்றார்கள். பிறகு புதுக் கார்டு விலை, இல்லையென்றால் புதுக் கேபினெட், ஆறு ஃபேன், பிராசஸருக்கு லிக்விட் கூலர். சூடாவது கிராஃபிக்ஸ் கார்டு, பிராசஸருக்கு எதற்கு லிக்விட் கூலர் என்று கேட்டால் பதில் இல்லை. கேபினெட்டில் குறையா என்று பார்க்கப் பைசா செலவில்லாத வழி உண்டு: பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் விளையாடிப் பாருங்கள். ஏழெட்டு டிகிரி குறைந்தால் கேபினெட் காற்றை அடைக்கிறது என்று அர்த்தம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட அழகுக் கேபினெட்டுகள் பலவற்றில் இதுதான் நிலைமை. ஒன்றிரண்டு டிகிரிதான் மாறுகிறது என்றால் புதுக் கேபினெட்டுக்குக் கொடுக்கும் காசு தண்டம்.

என் கட்சி இதுதான்: எங்கள் மாதிரி ஊரில் சூட்டை வெளியேற்றச் செலவு செய்வதற்கு முன்னால் சூட்டை உண்டாக்குவதைக் குறைக்க வேண்டும். சிப் எரிக்கும் மின்சாரம் வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.05 வோல்ட்டில் ஓடும் சிப்பை 0.9 வோல்ட்டுக்கு இறக்கினால் வோல்ட்டேஜ் குறைவது 14 சதவீதம், அந்தக் கணக்கில் மின்சாரம் குறைவது கால் பங்குக்கும் மேல். கம்பெனிக்காரன் எல்லாச் சிப்புக்கும் பொதுவாகக் கொஞ்சம் தாராளமாக வோல்ட்டேஜ் வைத்து அனுப்புகிறான், நம் சிப்புக்கு அவ்வளவு தேவைப்படாமல் இருக்கலாம். கார்டின் வேகத்தையும் வோல்ட்டேஜையும் மாற்றும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருள் இலவசம். அதில் கன்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால் வோல்ட்டேஜ் வளைவு வரும். அது பயமாக இருந்தால் பவர் லிமிட் பட்டையை 75, 80 சதவீதத்துக்கு இழுத்துவிட்டாலே போதும். 170 வாட் கார்டு 130-ல் ஓடினால், நான் முதலில் சொன்ன 45 டிகிரி கூடுதல் 34 ஆகிவிடும். 39 டிகிரி ரூமிலும் 73. எஃப்பிஎஸ்ஸில் சின்ன இறக்கம் இருக்கும், எண்ணைப் பார்க்காமல் விளையாடினால் கண்டுபிடிக்க மாட்டீர்கள். விளையாட்டு நடுவில் நின்றுபோனால் வோல்ட்டேஜைக் கொஞ்சம் ஏற்றுங்கள், சிப்புக்குச் சிப்பு மாறும்.

"காசு குடுத்து வாங்கின கார்டை ஏன் அடக்கி ஓட்டணும்?" என்று ஒரு தம்பி கோபப்பட்டான். அவனுடைய மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். கார்டு 140 ஃபிரேம் தள்ளுகிறது, திரை காட்டுவது அறுபதுதான். மீதி எண்பதும் மொட்டை மாடி ரூமைச் சுட வைக்கத்தான் பயன்படுகிறது. ஃபிரேம் லிமிட் போடாத சில விளையாட்டுகளில் மெனு பக்கத்திலேயே கார்டு முழு மூச்சில் ஓடும். 2021-ல் நியூ வேர்ல்ட் விளையாட்டின் பீட்டாவில் சில 3090 கார்டுகள் செத்துப்போனபோது, குறை கார்டின் சால்டரிங்கில் என்று கார்டு செய்த கம்பெனி பிறகு சொன்னது. ஆனாலும் மெனுவுக்கு ஃபிரேம் வரம்பு போட்டுத்தான் விளையாட்டை உருவாக்கியவர்கள் அப்டேட் விட்டார்கள்.

கடைசியாக, செகண்ட் ஹேண்ட் கார்டு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றியதும் கிராஃபிக்ஸ் கார்டு வைத்து அதை மைனிங் செய்வது முடிவுக்கு வந்தது, அப்போது கைமாறிய கார்டுகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே ஒதுக்க வேண்டாம், அவர்களில் பலர் பவரைக் குறைத்து வைத்துத்தான் ஓட்டினார்கள். தேய்ந்திருப்பது ஃபேன் பேரிங்கும் மெமரி மேல் சூட்டைக் கடத்த ஒட்டியிருக்கும் மெத்து, அதாவது தெர்மல் பேடும். பேடு மாற்றுவதென்றால் பழையது எத்தனை மில்லிமீட்டரோ அதே தடிமன்தான் போட வேண்டும். அரை மில்லி கூடினாலும் ஹீட்சிங்க் சிப்பில் உட்காராது. சென்னையில் ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போனால் இருபது நிமிஷம் ஏதாவது கனமான விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொல்லி ஹாட்ஸ்பாட் இடைவெளியைப் பாருங்கள், காதைக் கொடுத்து ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். ஃபேன் மட்டும் கரகரத்தால் அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம், மாற்று ஃபேன் கிடைக்கும். செத்துப்போய், ஹீட் கன்னால் சூடேற்றித் தற்காலிகமாக உயிர் கொடுத்த கார்டு என்று தெரிந்தால் பேரமே பேசாமல் திருத்தணி ட்ரெயினைப் பிடித்துவிடுங்கள்.