ஒக்கியம் மடுவைச் சாக்கடை என்று சொல்லாதீர்கள்

ஒவ்வொரு மழைக்காலத்திலும் தென்சென்னையின் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தபோது எல்லாரும் மகிழ்ந்தோம். ஆனால் அந்தச் சதுப்பிலிருந்து தண்ணீர் வெளியேறும் வழியை யாரும் கண்டுகொள்வதில்லை. துரைப்பாக்கம் பக்கம் ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) ஒரு பாலத்தைக் கடக்கிறோமே, அதன் அடியில் போகும் ஒக்கியம் மடுவுதான் அந்த வழி. அதைச் சாக்கடை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

மேப்பை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மாடம்பாக்கம், செம்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைக்குத்தான் வந்து சேர்கிறது. நீர்ப்பிடிப்புப் பகுதி மட்டும் சுமார் 250 சதுர கிலோமீட்டர். கிழக்கே நாலைந்து கிலோமீட்டரில் கடல் இருக்கிறது. இருந்தும் நேராகப் போக வழியில்லை, கரையோரம் நெடுக மணல்மேடு மறித்து நிற்கிறது. மடுவு கிழக்கே போய்ப் பக்கிங்காம் கால்வாயில் விழுகிறது. அங்கிருந்து தண்ணீர் தெற்கே திரும்பி, இன்னும் சுமார் 15 கிலோமீட்டர் ஓடி, முட்டுக்காடு முகத்துவாரத்தில்தான் கடலைப் பார்க்கும். வழி நெடுகத் தரையின் சரிவு மிகக் குறைவு. முகத்துவாரத்தில் மணல் சேர்ந்திருந்தாலோ, கடல் ஏற்றமாக இருந்தாலோ கால்வாய் மெதுவாகும். கால்வாய் மெதுவானால் மடுவில் தண்ணீர் நகராது. அப்புறம் பெரும்பாக்கத்தில் வீட்டுக்குள் தண்ணீர்.

அந்தக் கால்வாயோ படகு போவதற்காக வெட்டியது. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78 வாக்கில், பட்டினி கிடந்த மக்களுக்குக் கூலி கொடுத்து அடையாற்றுக்கும் கூவத்துக்கும் நடுவே தோண்டி இணைத்தார்கள். தெற்கே மரக்காணம் வரை சரக்குப் படகுகள் போய்வந்தன. இன்று அதையே தென்சென்னையின் வெள்ள வடிகாலாக நம்பிக்கொண்டிருக்கிறோம்.

முன்பு இது சமாளித்தது, ஏனென்றால் கழுவெளி, அதாவது அந்தச் சதுப்பு, பெரிதாக இருந்தது. மழையை வாங்கி வைத்துக்கொண்டு, பல வாரம் எடுத்து மெதுவாக மடுவுக்கு விட்டது. பெருங்குடியில் குப்பை கொட்டினோம், சாலை போட்டோம், கல்லூரியும் ஐடி கம்பெனியும் அடுக்குமாடியும் கட்டினோம். ஏந்திக்கொள்ளும் இடம் சுருங்கியதும் மொத்த மழையும் ஒரே மூச்சில் மடுவின் வாய்க்கு வருகிறது. 2015 வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் நடந்தது இதுதான்.

இதில் என்னால் பொறுக்கவே முடியாத விஷயம் கண்ணகி நகர். நகரத்துக்குள் நீர்நிலைக் கரைகளில் இருந்தவர்களை, ஆக்கிரமிப்பு என்றும் வெள்ள ஆபத்து என்றும் சொல்லிக் காலி செய்து, இந்த மடுவின் பக்கத்திலேயே கொண்டுவந்து குடிவைத்தோம். அதே சதுப்பின் விளிம்பில் பெரிய கம்பெனிகள் கட்டடம் எழுப்பியபோது அனுமதி கிடைத்தது.

ஓஎம்ஆர் பாலத்தை அகலப்படுத்தினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். அது தேவைதான், ஆனால் போதாது. சதுப்பிலிருந்து முட்டுக்காடு வரை முழுப் பாதையையும் ஒரே நீர்நிலையாக அளந்து, எல்லைக்கல் நட்டு, வரைபடத்தைப் பொதுவில் வைக்க வேண்டும். ஆகாயத்தாமரையை அள்ளுவதும் தூர்வாருவதும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, பாலத்துக்குக் கீழே மட்டும் நிற்காமல் முகத்துவாரம் வரை நடக்க வேண்டும். சதுப்பில் மிச்சம் இருப்பதில் இனி ஒரு லோடு மண்கூட விழக்கூடாது.

மேடவாக்கம், பெரும்பாக்கம், துரைப்பாக்கம், காரப்பாக்கம் பக்கம் இருப்பவர்கள் அடுத்த வார்டு கூட்டத்தில் ரோட்டையும் தெருவிளக்கையும் கேட்கும்போது இதையும் கேளுங்கள்: மடுவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதன் அகலம் எவ்வளவு, இந்த வருடம் எதுவரை தூர்வாரினீர்கள்?