யூஎஸ்பி கேபிளில் முழுத் தரம் வராது

"மினிடிவி கேம்கார்டரை யூஎஸ்பி கேபிளில் மாட்டினாலே கேசட்டில் இருப்பது அப்படியே கம்ப்யூட்டருக்கு வந்துவிடும், ஃபயர்வயர் எல்லாம் வீண் செலவு" என்று தண்டையார்பேட்டை அண்ணன் மேலே எழுதியிருக்கிறார். மினிடிவி என்பது சின்ன டிஜிட்டல் கேசட்டில் வீடியோ பதிவு செய்யும் முறை; ஃபயர்வயர் என்பது அந்த வீடியோவைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் வேறொரு வகை கேபிள் இணைப்பு. அண்ணன் சொன்னதை நம்பி யாரும் கல்யாண கேசட்டை மாற்றிவிட்டு ஒரிஜினலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அந்தக் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் யூஎஸ்பி இருப்பது மெமரி கார்டில் உள்ள போட்டோவை எடுக்கவும், வெப்கேமாகப் பயன்படுத்தவும்தான். அதன் வழியாக வீடியோ வந்தாலும் சின்னதாக, மங்கலாகத்தான் வரும். சில மாடல்கள் மட்டும் விதிவிலக்கு. கேசட்டில் பதிவானது விநாடிக்கு 25 மெகாபிட், பால் (PAL, நம்ம ஊர் டிவி முறை) முறையில் 720க்கு 576 பிக்சல். அது குறையாமல் வர ஃபயர்வயர் வேண்டும். சோனியில் ஐ.லிங்க் என்று எழுதியிருக்கும், 4 பின் ஓட்டை. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஓடியே ஆக வேண்டும், சுமார் 13 ஜிபி இடமும் வேண்டும்.

ஃபயர்வயரை யூஎஸ்பியாக மாற்றும் சின்ன பிளக் ஒன்று மலிவாக விற்கிறார்கள். வெறும் கம்பி இணைப்பு அது, வேலை செய்யாது. டெஸ்க்டாப் இருந்தால் ஃபயர்வயர் கார்டு போடுங்கள்.

அப்புறம், பர்மா பஜாரில் அந்தக் காலத்தில் வாங்கிய கேமரா என்றால் என்டிஎஸ்சியா (NTSC, அமெரிக்கா, ஜப்பான் டிவி முறை) பாலா என்று பாருங்கள். என்டிஎஸ்சி கேசட்டைப் பக்கத்து வீட்டு பால் கேமராவில் போட்டால் பெரும்பாலும் படம் சரியாக வராது.