ஓட்டத்தில் குறையில்லை, முதல் பாஸ்தான் தாமதம்

“நம்ம கடலூர் காலேஜ் பாஸ்கெட்பால் பசங்களுக்கு ஸ்டாமினா இல்லை, அதனால்தான் ஃபாஸ்ட் பிரேக்கில் (பந்து கிடைத்ததும் எதிரணி திரும்பி நிற்பதற்குள் ஓடிக் கூடை போடுவதில்) பாயிண்ட் வருவதில்லை” என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அது சரியில்லை அண்ணா. இதை நம்பிப் பசங்களை இன்னும் பத்து ரவுண்டு ஓடவிட்டால் கால்தான் வலிக்கும், ஸ்கோர் ஏறாது.

மஞ்சக்குப்பத்தில் அவர்கள் ஆடும்போது ரீபவுண்ட் எடுப்பவரை, அதாவது கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பவரை மட்டும் கவனியுங்கள். பந்தைப் பிடித்ததும் கீழே இறக்கி, இரண்டு தட்டு தட்டி, அப்புறம்தான் தலையைத் தூக்கிப் பார்க்கிறார். அதற்குள் எதிரணியில் மூன்று பேர் திரும்பி வந்து நிற்கிறார்கள். கோர்ட்டின் நீளம் 28 மீட்டர். எவ்வளவு வேகமாக ஓடினாலும் நல்ல பாஸை ஆள் முந்த முடியாது. பிடித்தவர் பக்கக்கோட்டை நோக்கித் திரும்பி இறங்கி, அங்கே காத்திருக்கும் பாயிண்ட் கார்டுக்கு (பந்தை முன்னே கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவருக்கு) உடனே கொடுக்க வேண்டும். நம் பாயிண்ட் கார்டோ பந்தைக் கேட்டு வளையத்துக்கு அடியிலேயே வந்துவிடுகிறார். ஓரமாக ஓட வேண்டிய இருவரும் நடுவில் நெருங்கி ஓடுவதால் ஒரே டிஃபெண்டர் எல்லோரையும் சமாளித்துவிடுகிறார். பாவம், பசங்க ஓடியதெல்லாம் வீண்.

இன்னொன்று, எதிரணி கூடை போட்டுவிட்டால் பந்தை எண்ட் லைனுக்கு வெளியிலிருந்துதான் உள்ளே போட வேண்டும். அதற்குள் அவர்கள் திரும்பிவிடுவார்கள். டிஃபென்ஸில் தடுத்தால்தான் ஓடவே வாய்ப்பு. உலக பாஸ்கெட்பால் அமைப்பான ஃபீபாவின் விதிப்படி பாதிக்கோட்டைத் தாண்ட 8 வினாடி உண்டு. நல்ல ஃபாஸ்ட் பிரேக் அதற்குள் லே-அப்பிலேயே (வளையத்துக்குப் பக்கத்தில் ஓடிவந்து போடும் ஷாட்டிலேயே) முடிந்துவிடும். கோச்சிடம் பேசுகிறவர்கள் தயவுசெய்து அவுட்லெட் பாஸ், அதாவது ரீபவுண்ட் எடுத்ததும் கொடுக்கும் அந்த முதல் பாஸுக்கான பயிற்சியைக் கேளுங்கள்.